ஆட்டத்தின் நடுவே அணைகிற பெட்டி

உங்கள் வீட்டு மிக்ஸியை ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். (பிளக்கைப் பிடுங்கி, ஜாரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான்!) அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில். அதன் மகிமை பல பேருக்கு மிக்ஸி முதல் தடவை நின்று போகும்போதுதான் தெரிய வருகிறது. ஜார் நிறையத் தேங்காயைத் திணித்து, தண்ணீரும் விடாமல் ஓட்டினால், 'ஹூம்' என்று ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுவிடும். யந்திரமே போய்விட்டது என்று நாம் பதறுகிறோம். அது போகவில்லை. தாங்க முடியாத பாரம் வந்ததும் தன்னைத் தானே காப்பாற்றிக் கொண்டிருக்கிறது. கொஞ்சம் ஆறவிட்டு, பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடுகிறது.

நான் இந்த வாரம் மிக்ஸியைப் பற்றி எழுத வரவில்லை. கூடத்து மூலையில், ஒரு பக்கம் கண்ணாடியும் உள்ளே வர்ண விளக்குகளுமாக, நவராத்திரிக் கொலு போல ஜொலித்துக் கொண்டிருக்கிறதே, பிள்ளையாண்டானின் கம்ப்யூட்டர், அதைப் பற்றித்தான். பிள்ளை என்று சொல்லிவிட்டேன், பெண்ணாகவும் இருக்கலாம். திரையிலே துப்பாக்கியும் கையுமாக ஓடுகிறவர்களில் இப்போது பெண்கள் ஒன்றும் குறைச்சல் இல்லை. யாரும் பார்க்காத சமயத்தில் ஒரு கை ஆடிப் பார்க்கிற தாய்மார்களும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்!

இந்தப் பெட்டிக்கு ஒரு வியாதி உண்டு. பாடம் படிக்கும்போது வராது. சினிமாப் பார்க்கும்போது வராது. மின்சாரக் கட்டணம் கட்டும்போதும் வராது. ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆனதும் 'டப்'பென்று திரை இருண்டுவிடும். "அளவுக்கு மீறி ஆடினால் இப்படித்தான்!" என்று வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். ரிப்பேர்க்காரர் வருவார். பக்கத்துப் பலகையைக் கழற்றுவார், ஒரு டார்ச்சை அடித்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். "கிராபிக்ஸ் கார்டு போயிடிச்சும்மா. புதுசுதான் போடணும்" என்பார். விலையைக் கேட்டால் நாலைந்து மாதத்து மளிகைக் கணக்கு கண்முன்னே ஓடும். பிள்ளையின் முகம் ஒரு பக்கம், வீட்டுக்காரரின் முகம் இன்னொரு பக்கம். பணப்பெட்டிச் சாவி உங்கள் இடுப்பில் இருக்கிற காரணத்தால், நடுவர் பதவி உங்கள் தலையில் வந்து விழுகிறது.

நடுவரானவர் சாட்சிகளை விசாரிக்காமல் தண்டனை கொடுக்கலாமா? அந்த விசாரணையை எப்படி நடத்துவது என்பதுதான் இந்த வாரத்து விஷயம். இதற்கு இஞ்சினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கடிகாரம், கொஞ்சம் பொறுமை, இவ்வளவு போதும்.

முதலில், ஆட்டத்தின்போது மட்டும் ஏன் அணைகிறது என்று பார்ப்போம். திரையில் தெரிகிற படத்தை ஒரு வினாடிக்கு 60 தடவை, சில சமயம் 144 தடவைகூட, புதிது புதிதாக எழுதுகிற வேலை இந்தக் கார்டுக்கு. கடிதம் எழுதும்போதோ கணக்குப் பார்க்கும்போதோ அதற்கு ஏறக்குறைய ஓய்வு. பத்துப் பதினைந்து வாட் மின்சாரம் போதும். ஆட்டம் தொடங்கியதும் கதையே வேறு. நடுத்தர ரகம் என்று சொல்லப்படுகிற ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு 170 வாட் வரை இழுக்கும். பழைய ரகக் கூரை விசிறி ஒன்று 75 வாட். அதாவது இரண்டு விசிறிக்கு மேல் ஓட்டுகிற மின்சாரம், உள்ளங்கையிலும் சிறிய ஒரு சில்லுக்குள் பாய்ந்து, அவ்வளவும் உஷ்ணமாக வெளியே வருகிறது. மேல்ரகமான ஆர்.டி.எக்ஸ். 4090 என்றால் 450 வாட். ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியைப் பெட்டிக்குள்ளே வைத்த மாதிரி. ஆகவே கம்ப்யூட்டரில் எங்கே பலவீனம் இருந்தாலும் ஆட்டத்தின்போதுதான் அது வெளிப்படும். கார்டு கெட்டிருந்தால் மட்டும் அல்ல, எது கெட்டிருந்தாலும்! ரிப்பேர்க்காரர் மறந்துவிடுகிற சங்கதி இதுதான்.

நிரபராதியின் தலையில் பழி விழுந்த கதை ஒன்று சொல்கிறேன். கட்டுக்கதை அல்ல, உலகமே பார்த்தது. 2023-ஆம் வருஷக் கடைசியிலிருந்தே பல தேசங்களில் ஆட்டக்காரர்கள் ஒரே மாதிரி முறையிட ஆரம்பித்தார்கள். ஆட்டம் திறக்கிறது, உடனே நின்றுபோகிறது. 'வீடியோ மெமரி போதவில்லை' என்று திரையிலே ஓர் அறிவிப்பு. வீடியோ மெமரி என்பது கிராபிக்ஸ் கார்டில் இருப்பது. அப்புறம் கேட்க வேண்டுமா? எல்லாரும் கார்டின் மேலே பாய்ந்தார்கள். கார்டை மாற்றினார்கள், டிரைவரை மாற்றினார்கள். வியாதி மாறவில்லை. 2024 ஏப்ரலில் கார்டு செய்கிற என்விடியா கம்பெனியே, "இன்டெல் கம்பெனியின் 13, 14-வது தலைமுறைப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் இந்த அறிவிப்பைக் கண்டால் இன்டெலைக் கேளுங்கள்" என்று தன் டிரைவர் குறிப்பிலே சொல்லிவிட்டது. அந்த வருஷம் ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது: பிராசஸருக்குத் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் போய்க் கொண்டிருந்தது, அதனால் அது நாளடைவில் தேய்ந்து தப்புக் கணக்குப் போடுகிறது என்று. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரைத் திருத்தத்தால் குணப்படுத்த முடியாது; அதனால் அந்தப் பிராசஸர்களுக்கு வாரண்டியை மேலும் 2 வருஷம் நீட்டித்தார்கள். உங்கள் வீட்டில் இருப்பது அந்த ரகமா என்று பில்லைப் பாருங்கள். அப்படியானால், மதர்போர்டின் பயாஸைப் புதுப்பிப்பது முதல் வேலை. புதுக் கார்டு வாங்கியும் பயனில்லாமல் கையைப் பிசைந்தவர்கள் எத்தனை பேரோ, பாவம்!

சரி, நம் வீட்டு விசாரணைக்கு வருவோம்.

நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டிய முதல் கேள்வி: எப்படி அணைந்தது? "ஆஃப் ஆயிடிச்சும்மா" என்று பிள்ளை சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கூட உட்கார்ந்து, அடுத்த தடவை உங்கள் கண்ணால் பாருங்கள். மின்சாரம் போன மாதிரி விசிறி, விளக்கு, எல்லாம் ஒரே நொடியில் அடங்கிவிட்டதா? அல்லது திரை மட்டும் இருண்டு, பெட்டி ஓடிக் கொண்டிருந்து, பாட்டுச் சத்தம் கேட்டுக் கொண்டே இருந்ததா? அல்லது ஆட்டம் மட்டும் மூடிக்கொண்டு பழைய திரை வந்துவிட்டதா? அல்லது அணைவதற்கு முன் கோலப்பொடி சிதறிய மாதிரி வர்ணப் புள்ளிகளும் கட்டங்களும் தெரிந்தனவா? நாலும் ஒன்றல்ல. முதலாவது பெரும்பாலும் மின்சாரத் தகராறு. மிக்ஸிப் பொத்தான் கதை. இரண்டாவது கார்டு, அதன் உஷ்ணம், அதன் டிரைவர் இவற்றைச் சுட்டுகிறது. மூன்றாவதில் அந்த ஆட்டத்தின் கோளாறோ, ஞாபகப் பட்டையான ராமின் கோளாறோ, பிராசஸரின் கோளாறோ இருக்கலாம். நாலாவதுதான் கார்டுக்கே ஆபத்தான அடையாளம்.

இரண்டாவது கேள்வி: எத்தனை நிமிஷத்தில்? ஆட்டம் திறந்ததும் திடீரென்று பாரம் ஏறுகிற அந்தக் கணத்திலேயே அணைந்தால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு தடவையும் கால்மணி, இருபது நிமிஷம் ஓடிய பிறகே அணைந்தால் உஷ்ணத்தைச் சந்தேகியுங்கள். இரண்டும் இல்லாமல், ஒரே ஆட்டத்தில், ஒரே கட்டத்தில் அணைந்தால், கார்டை விட்டுவிட்டு ஆட்டத்தைச் சந்தேகியுங்கள்.

இனி சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம். என் அபிப்பிராயத்தில் முதல் சாட்சி, மேஜைக்கு அடியில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற யு.பி.எஸ். பெட்டிதான்! யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நம் பக்கத்து வீடுகளில் சாதாரணமாக இருப்பது 600 வி.ஏ. என்கிற சின்னப் பெட்டி. அந்த 600-ஐப் பார்த்து ஏமாறக் கூடாது. பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். அநேகமாக 360 வாட் என்று போட்டிருக்கும். அப்பாவின் ஆபீஸ் கணக்குக்காக வாங்கிய நாளில் அது தாராளம். இன்றைக்கு அதிலே கார்டுக்கு 170, பிராசஸருக்கு 100 என்று வைத்துக்கொண்டு, விசிறி, டிஸ்க், திரை எல்லாவற்றையும் கூட்டினால் 360-ஐ உரசிக் கொண்டு நிற்கும். வோல்ட்டேஜ் ஒரு கணம் சரிந்து, யு.பி.எஸ். பாட்டரிக்கு மாறினால், அதுவும் நாலு வருஷக் கிழட்டுப் பாட்டரியாக இருந்தால், 'கீங்' என்று ஒரு கூவல், அவ்வளவுதான். விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் அணைந்துவிட்டது. ஆகவே கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று வீடு முழுவதும் முடிவு கட்டுகிறது.

இதற்குச் சோதனை சுலபம். காசு செலவில்லை. யு.பி.எஸ்ஸை விட்டுவிட்டு, எர்த் சரியாக உள்ள மூன்று கால் பிளக்கில், சுவரிலேயே நேராகச் சொருகி, ஒரு மணி நேரம் ஆட விடுங்கள். ஃப்ரிட்ஜும் இஸ்திரிப் பெட்டியும் பங்கு போட்டுக்கொள்கிற நீட்டிப் பலகையில் வேண்டாம். அணையாமல் ஓடினால், முப்பதாயிரம் ரூபாய்ச் செலவு யு.பி.எஸ். செலவோடு நின்றது. வீட்டுக்கு இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்று கவனிக்க வேண்டும். விலை மலிந்த சதுர அலை இன்வெர்ட்டர் மின்சாரம் சில கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. மின்வெட்டு நேரத்தில் மட்டும் அணைந்தால் சூட்சுமம் அங்கேதான்.

இரண்டாவது சாட்சி, பெட்டிக்குள்ளேயே இருக்கிற பவர் சப்ளை. சமையலறையில் தராசு எப்படியோ, அப்படி முக்கியமானது இது. ஆனால் சிக்கனம் பிடிக்கிறவர்கள் முதலில் கை வைப்பதும் இதிலேதான். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தால் போதாது. பக்கத்துச் சீட்டில் '12 வோல்ட்' என்ற கட்டத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது அந்தப் பந்தியில்தான். 18 ஆம்பியர் என்று இருந்தால், பன்னிரண்டால் பெருக்குங்கள்: 216 வாட். கார்டு ஒன்றே 170 கேட்கிறது! மிச்சத்தில் பிராசஸர் பசியோடு நிற்க வேண்டியதுதான். போதாததற்கு, இந்தக் கார்டுகள் ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குத் தங்கள் கணக்குக்கு மேலே ஒரு மடக்கு மின்சாரத்தை இழுத்துக் குடிக்கிற வழக்கமும் உண்டு. அந்தக் கணத்தில் பவர் சப்ளை பயந்துபோய்த் தன்னை அணைத்துக் கொள்கிறது. 3060 கார்டுக்கே 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று அதைச் செய்த கம்பெனி சிபாரிசு செய்வதற்கு இதுதான் காரணம்.

பவர் சப்ளையிலிருந்து கார்டுக்குப் போகிற கறுப்பு ஒயரையும் பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சில நிமிஷம் காத்திருந்து, பிறகு தொடவும். 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை உள்ளே போயிருக்க வேண்டும். பாதி சொருகிய பிளக் என்ன செய்யும் என்பதற்கு 2022-ஆம் வருஷமே சாட்சி. அந்த அக்டோபரில் 4090 கார்டு வெளிவந்த சில வாரங்களிலேயே, அதன் புது மாதிரிப் பிளக் உருகிப் போகிறது என்று புகார்கள் வந்தன. உலகம் முழுவதிலும் ஏறக்குறைய 50 புகார்கள் வந்திருப்பதாகவும், பிளக் முழுவதும் உள்ளே போகாததே அநேகமாகக் காரணம் என்றும் நவம்பரில் என்விடியா அறிவித்தது. பிளக்கின் அமைப்பே சரியில்லை என்று வாதாடினவர்களும் உண்டு. மறு வருஷம் அதைத் திருத்தித்தான் செய்தார்கள். அது எப்படியானாலும், பிளக்கின் ஓரம் பழுப்பேறியிருந்தாலோ, பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை வந்தாலோ, மறுபடி சுவிட்சைப் போடாதீர்கள். அன்று இரவு ஆட்டம் கிடையாது. பிள்ளை அழுதாலும் சரி.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

மூன்றாவது சாட்சி உஷ்ணம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'ஜி.பி.யூ.' என்பதைத் தொட்டால், கார்டின் உஷ்ணம் எத்தனை டிகிரி என்று அங்கேயே எழுதியிருக்கும். 2020-லிருந்து வந்திருக்கிற விண்டோஸில் இதற்குத் தனி மருந்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆடும்போது 70, 75 என்றால் சௌக்கியம். 80-ஐக் கடந்து சிறிது நின்றாலும் பெரிய ஆபத்தில்லை. நமக்கு அது கொதிக்கிற ரசம் என்றாலும் கார்டுக்கு அது பழக்கம். 90-ஐ நோக்கி ஓடினால் கவனிக்க வேண்டியதுதான். அதிலும் ஒரு நியாயம் பாருங்கள்: கார்டின் விசிறி அறைக் காற்றைத்தான் இழுத்து ஊதுகிறது. சித்திரை வெயிலில் சென்னை மாடி அறையில் 38 டிகிரிக் காற்று இருந்தால் அதுவும் கணக்கிலே ஏறும். மார்கழியில் ஒழுங்காக ஓடின பெட்டி சித்திரையில் அணைவதில் என்ன ஆச்சரியம்?

இங்கே நம் பக்கத்திலேயும் கொஞ்சம் குற்றம் இருக்கலாம் என்று பணிவோடு சொல்லிக் கொள்கிறேன். தூசி படக் கூடாது என்று பூவேலை செய்த துணியைப் பெட்டியின் மேலே போர்த்துகிறோம்; காற்று போகிற வழி அதுதான். பார்வையாக இருக்கட்டும் என்று மர அலமாரிக்குள் தள்ளிக் கதவையும் சாத்துகிறோம். சமையலறைத் தாளிப்புப் புகையும், சாம்பிராணிப் புகையும், தெருத் தூசியும் கலந்து, கார்டின் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரிப் படிந்துவிடுகிறது. ஒரு நாள் சாயங்காலம் பக்கத்துப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு ஆட விடுங்கள். உஷ்ணம் எட்டுப் பத்து டிகிரி இறங்கினால், கோளாறு கார்டில் இல்லை, காற்றோட்டத்தில் இருக்கிறது.

தூசி தட்டுகிற வேலையை உங்களைவிட நன்றாக யார் செய்யப் போகிறார்கள்? ஆனால் இரண்டொரு நியமம் உண்டு. பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். ஈரத் துணி கூடவே கூடாது. உள்ளே தொடுமுன் பெட்டியின் வெறும் இரும்பை ஒரு தடவை தொடுங்கள். உடம்பிலே இருக்கிற நிலை மின்சாரம் இறங்கிவிடும். மெல்லிய பிரஷ்ஷும், ஊதுகிற காற்றும் போதும்; வாக்குவம் கிளீனரின் குழாய் முனையை உள்ளே விடாதீர்கள், அதிலும் நிலை மின்சாரம் உண்டு. ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். குழந்தைக்குக் காட்டுகிற காற்றாடி அல்ல அது, தாறுமாறாகச் சுழன்றால் கெட்டுப்போகும்.

உஷ்ணத்தோடு சம்பந்தப்பட்ட வேடிக்கை ஒன்று. 2010 ஜூலையில் 'ஸ்டார்கிராஃப்ட் 2' என்ற ஆட்டம் வெளிவந்தது. சில பேருடைய கார்டுகள் ஆட்டத்தின் நடுவிலே அல்ல, ஆட்டம் ஆரம்பிக்குமுன் பட்டியல் காட்டுகிற சும்மாத் திரையிலே சூடேறித் தவித்தன! என்னவென்று பார்த்தால், அந்தத் திரைக்கு வினாடிக்கு இத்தனை படம் போதும் என்று வரம்பு வைக்கவில்லை. வேலை லேசானது என்றதும், கார்டு முழு மூச்சோடு நூற்றுக்கணக்கில் எழுதித் தள்ளிக் கொண்டிருந்தது. வரம்பு வைக்கிற இரண்டு வரிகளைக் கோப்பிலே சேர்த்துக் கொள்ளும்படி அந்த ஆட்டத்தைச் செய்த பிளிசார்ட் கம்பெனி சொல்ல வேண்டியதாயிற்று. 11 வருஷம் கழித்து, 2021 ஜூலையில், அமேசானின் 'நியூ வோர்ல்ட்' ஆட்டத்தின் வெள்ளோட்டத்தில் இதே மாதிரிக் கூக்குரல். விலை உயர்ந்த 3090 கார்டுகள் சில உயிரையே விட்டன. ஆட்டத்தின்மேல் பழி விழுந்தது. அமேசானும் பட்டியல் திரைக்கு வரம்பு வைத்தது. பிறகு கார்டு செய்த ஈ.வி.ஜி.ஏ. கம்பெனி செத்த கார்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. ஒரு சிறு தொகுதியில் பற்றவைப்புச் சரியாக இல்லை என்று ஒப்புக்கொண்டு, மாற்றிக் கொடுத்தது. ஆட்டம் தூண்டியது, ஓட்டை கார்டிலே இருந்தது. மாமியாரும் மருமகளும் இருவருமே கொஞ்சம் குற்றவாளிகள்!

இதிலிருந்து நமக்கு ஓர் அருமையான சோதனை கிடைக்கிறது. ஆட்டத்தின் அமைப்புகளில் 'ஃபிரேம் ரேட்' என்ற இடத்தில் 60 என்று வரம்பு போடச் சொல்லுங்கள். 'எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர்' என்கிற இலவசச் சாதனத்தில் 'பவர் லிமிட்' என்று ஒரு கோல் உண்டு. அதை 100-லிருந்து 70-க்கு இறக்கச் சொல்லுங்கள். கார்டு குறைவாகச் சாப்பிடும், குறைவாகச் சூடாகும். படத்தின் வேகம் கொஞ்சம்தான் குறையும். இப்படி வைத்து ஒரு வாரம் அணையாமல் ஓடினால், கார்டு அநேகமாக உயிரோடுதான் இருக்கிறது; மின்சாரமோ உஷ்ணமோதான் தகராறு. புதுப் பவர் சப்ளை வாங்கும்வரை காலந்தள்ளவும் இது உதவும். அமைப்பைக் கண்டு பயப்படுகிற பிள்ளையாக இருந்தால் பிள்ளைக்கே இது நல்ல பாடம்.

டிரைவர் என்கிற மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; பிள்ளைகளுக்கு அத்துப்படி. புதிதாக ஒன்றைப் போட்ட மறுநாளிலிருந்து வியாதி என்றால் பழையதற்கே திரும்புங்கள். போடுமுன் 'டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' கொண்டு பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிடுவது நல்லது. திரை இருண்டு, இரண்டு வினாடியில் திரும்பி வந்தால் பயப்பட வேண்டாம். கார்டு இரண்டு வினாடி வரை பதில் சொல்லாவிட்டால் டிரைவரை எழுப்பி உட்காரவைக்கிற ஏற்பாடு 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே உண்டு. அடிக்கடி அப்படி ஆனால்தான் கவலை.

ரிப்பேர்க்காரர் 'ஈவென்ட் வியூயர்' என்பதைத் திறந்து, "பாருங்கம்மா, 41-ஆம் நம்பர், கெர்னல்-பவர்! பவர் சப்ளை போயிடிச்சு" என்று சிவப்பு எழுத்தைக் காட்டலாம். அசந்துவிடாதீர்கள். 'போன தடவை முறையாக மூடப்படவில்லை' என்பதைத் தவிர அந்த 41-க்கு வேறு அர்த்தம் கிடையாது. நீங்கள் காலால் பிளக்கைத் தட்டிவிட்டாலும் அதே 41 வரும். அதை ஒட்டி முன்னாலே வேறு என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

இவ்வளவு பார்த்தும் துப்புக் கிடைக்கவில்லையா? கடைசிச் சோதனை இருக்கிறது, எல்லாவற்றிலும் நம்பகமானது. கார்டைக் கழற்றி, நல்ல பவர் சப்ளை உள்ள ஒரு சிநேகிதன் வீட்டுப் பெட்டியில் போட்டு அதே ஆட்டத்தை ஆடிப் பார்க்கட்டும். அங்கே இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடினால் கார்டு விடுதலை. அங்கேயும் அணைந்தால், அங்கேயும் வர்ணப் பொடி சிதறினால், குற்றம் ருசுவாகிவிட்டது. கழற்றும்போது கார்டின் வாலைப் பிடிக்கிற சின்னத் தாழ்ப்பாளை விடுவிக்க மறந்து இழுக்க வேண்டாம். பல சமயங்களில் கழற்றி மறுபடி அழுத்திச் சொருகுவதிலேயே வியாதி தீர்ந்துவிடுவதும் உண்டு. கனமான கார்டு தன் பாரத்தாலேயே தொங்கிப்போய்ச் சொருகு தளர்ந்திருக்கும்.

கார்டேதான் கெட்டிருந்தால்? உங்கள் அடுப்பங்கரைக்குச் சம்பந்தப்பட்ட ஒரு விபரீதத்தைச் சொல்லிவிடுகிறேன். செத்த கார்டைக் கேக் அடுப்பில் வைத்துச் சுட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு கைவைத்தியம் பல வருஷமாக உலாவுகிறது. அதற்கு மூலமும் உண்டு. 2008 ஜூலையில் என்விடியா, தன்னுடைய சில லாப்டாப் சில்லுகளின் சட்டத்தில் பலவீனமான பொருள் சேர்ந்துவிட்டது என்று சொல்லி, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை செலவுக்கு ஒதுக்கியது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளே பற்று விட்டுப்போன சில்லுகள் அவை. அவற்றைச் சுட்டால் விரிசல் சில நாள் சேர்ந்துகொள்ளும். பிறகு பழைய குருடிதான். இந்தத் தற்காலிக வித்தைக்காக, பிளாஸ்டிக் புகையையும் ரசாயனத்தையும் குழந்தைகளுக்கு பிஸ்கெட் சுடுகிற அடுப்பிலே ஏற்றலாமா? பிள்ளை உங்கள் அடுப்பின் பக்கம் ஸ்குரூடிரைவரோடு வந்தால் கரண்டியைக் காட்டுங்கள்!

அதைவிட, பில்லைத் தேடுங்கள். பல கார்டுகளுக்கு மூன்று வருஷ வாரண்டி உண்டு. இரண்டரை வருஷத்தில் கெட்டதைப் பழையது என்று எண்ணிக் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள். கார்டின் முதுகில் ஒட்டியிருக்கிற நம்பர்ச் சீட்டைக் கிழிக்காமல் வைத்திருங்கள். விசிறியின் ஆணிகளை வாரண்டிக் காலத்தில் யாரும் திருக வேண்டாம். ஆணியின் மேலே ஒட்டியுள்ள சின்னக் காகிதம் கிழிந்ததைக் காட்டி மறுத்துவிடுகிற கடைகள் உண்டு. கொடுக்குமுன் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, வாங்கின தேதியும் நம்பரும் எழுதிய ரசீது வாங்கிக் கொள்ளுங்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தையும் கூடவே எடுத்துப் போங்கள். எந்தத் தேதி, எத்தனை நிமிஷம், எத்தனை டிகிரி, எந்தெந்தச் சோதனை செய்தோம் என்று நீங்கள் வரிசையாகப் படிக்க ஆரம்பித்தால், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உதட்டைப் பிதுக்க மாட்டார்; நாற்காலியை இழுத்துப் போடுவார். கார்டை வெறும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டு போகாதீர்கள். வாங்கும்போது வந்த வெள்ளிநிற உறை பரணில் எங்காவது இருக்கும், அட்டைப் பெட்டியோடு. அதைத்தான் எறியாமல் வைத்திருப்பீர்களே!